நிற்பதற்கு ஒரு படி

1917-ஆம் ஆண்டின் கடைசி நாளில் திருத்தணி மலையடிவாரத்தில் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். ஆங்கிலப் புத்தாண்டு பிறந்தால் வெள்ளைக்கார துரைகளின் பங்களாவுக்கு மாலையும் பழமும் எடுத்துப்போய்க் கும்பிட்டு வருவது அந்தக் காலத்து உத்தியோகஸ்தர்களின் பழக்கம். துரைகளுக்கெல்லாம் துரையான முருகன் தணிகை மலைமேல் இருக்கும்போது இது எதற்கு என்பது சுவாமிகளின் கேள்வி. மலைக்கோயிலுக்குப் படிகள் 365, ஆண்டின் நாளுக்கு ஒன்றாக. ஒவ்வொரு படியிலும் நின்று, மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாட வேண்டும். பாட்டு முடிந்த பிறகுதான் அடுத்த படி. நூறாண்டு கடந்தும் டிசம்பர் 31 அன்று திருப்புகழ்ப் படிவிழா நடந்துகொண்டிருக்கிறது.

மற்ற நாட்களில் அதே படிகளைக் கால் வலுவுள்ளவர்கள் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடுகிறார்கள். மலைமேல் வரை வாகனம் போகப் பாதையும் உண்டு. அதில் போனால் சில நிமிட வேலை. படிவிழா நாளன்று பாடிக்கொண்டே ஏறுகிற பஜனைக் குழுக்களுக்கு அதே தூரம் மணிக்கணக்கில் நீள்கிறது. இந்த வழக்கத்தில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. மனத்தை அமைதியாக வைத்துக்கொள், இந்தக் கணத்தில் இரு என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. காலை நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான். நின்ற காலுக்குப் பின்னால் மனமும் வந்து சேர்கிறது. சேராதவர்களும் நின்றுதான் ஆக வேண்டும்.

சுவாமிகள் சமாதி நிலைகளை விவரித்துப் புத்தகம் எழுதிப் பெயர் பெற்றவர் அல்லர். பூர்வாசிரமத்தில் அர்த்தநாரி என்ற பெயரோடு மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். அவர் கைக்கு வந்த திருப்புகழ், வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊர் ஊராக ஏடு தேடித் தொகுத்து அச்சிட்டது. அந்தப் பணியைத் தொடர்ந்த மகன் செங்கல்வராய பிள்ளையைத் தமிழுலகம் தணிகைமணி என்றே அழைக்கிறது. திருப்புகழைப் பாடிய அருணகிரியாரின் சந்தங்களை அவசரமாகப் பாட முயன்றவர்களுக்குத் தெரியும்: வல்லினமும் மெல்லினமும் குறிலும் நெடிலும் கணக்குத் தவறாமல் வந்து விழ வேண்டும், ஓரிடத்தில் கவனம் பிசகினால் நாக்கு தடுக்கி நின்றுவிடும். பாடுகிறவர் வேறு எதையாவது நினைத்துக்கொண்டு பாடிவிட முடியாது. எங்கே மூச்சு வாங்குவது என்பதைக்கூடப் பாட்டுதான் முடிவு செய்கிறது.

மூச்சைப் பற்றி 2001-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. லூச்சியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் அவர் குழுவினரும் நல்ல உடல்நலத்தோடு இருந்த 23 பேரை ஜெபமாலை மந்திரத்தை லத்தீனிலும், பௌத்த மந்திரம் ஒன்றையும் சொல்லச் செய்து, இதயத் துடிப்பையும் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். இரண்டு மந்திரங்களும் வேறு வேறு சமயத்தைச் சேர்ந்தவை. ஆனால் சொன்னவர்களின் மூச்சு இரண்டிலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்கு இறங்கியது. இரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் உடலின் அனிச்சைச் செயல் கூர்மையானது. சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள் என்பதோடு இதை ஒப்பிட வேண்டும். திருப்புகழை வைத்து நடந்த ஆய்வு அல்ல அது. ஆனாலும் படியில் நின்று பாடுகிறவர்களின் உடலுக்குள் என்ன நடக்கக்கூடும் என்று யோசிக்க ஒரு வழி காட்டுகிறது.

நிற்பதன் இந்த நுட்பத்தை அன்றாட வேலையில் வைத்துப் பார்க்கப் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போகலாம். திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது அம்மையார்குப்பம். ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் இந்தப் பக்கத்துத் தெருக்களில் தமிழும் தெலுங்கும் ஒரே பேச்சில் வந்துபோகும். அம்மையார்குப்பம் நெசவு ஊர். பக்கத்துப் பொதட்டூர்பேட்டையும் அப்படித்தான். வீட்டுக்குள்ளோ, வீட்டை ஒட்டிய கொட்டகையிலோ தறி இருக்கும். ஒரு காலத்தில் கைத்தறி. இன்று பெரும்பாலும் விசைத்தறி.

இந்த இரண்டு தறிகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை வேகத்தைக் கொண்டு மட்டும் அளந்தால் பாதிதான் புரியும்.

குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரின் கால்கள் குழிக்குள் மிதியின்மேல் இருக்கும். ஒரு கை நாடாவை இழுத்துவிடும் கயிற்றைப் பிடித்திருக்கும், இன்னொரு கை அச்சு பூட்டிய பலகையில். மிதித்தால் பாவு பிரிகிறது, கயிற்றை இழுத்தால் நாடா குறுக்கே ஓடி ஊடை நூலை விட்டுப்போகிறது, பலகையை இழுத்து அடித்தால் அந்த இழை துணியோடு போய்ச் சேர்கிறது. நெய்துகொண்டே இருக்கும்போது பாவில் ஓர் இழை அறுந்தால் அது கண்ணில் படுவதற்கு முன்பே காலுக்கும் கைக்கும் தெரிந்துவிடும் என்பார்கள் அனுபவசாலிகள். எங்கோ லேசாகத் தொய்வு தட்டும். கால் நின்றுவிடும். குனிந்து, ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அறுந்த நுனி இரண்டையும் தேடி எடுத்து, துண்டு நூல் ஒன்றைச் சேர்த்து விரல் நுனியால் முறுக்கி, விழுதின் கண்ணில் நுழைத்து, அச்சின் சரியான பல்லில் இழுத்து விட வேண்டும். பல் ஒன்று மாறிப்போனாலும் அந்தத் தவறு சேலை நெடுகக் கோடாக ஓடும். தறி அடிப்பவரின் நாளில் இப்படி நின்று, பார்த்து, தொட்டுச் சரி செய்யும் இடங்கள் பல. அவற்றுக்கிடையே தார் சுற்றித் தரும் மனைவியோடோ, தாயோடோ நாலு வார்த்தை பேச முடியும். பேச்சு காதில் விழும்.

விசைத்தறிக் கொட்டகையில் பேச்சு விழாது. சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் நாடாவை அடித்துத் தள்ளுகிறது. பல தறிகள் ஒரே கூரைக்கடியில் ஓடும்போது ஒலி 90 டெசிபலைத் தாண்டுவதாகப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. எட்டு மணி நேர வேலைக்கு இந்தியத் தொழிற்சாலை விதிகள் வைத்த உச்ச வரம்பே 90 டெசிபல்தான். ஒருவர் இரண்டு தறி, நான்கு தறி, சில இடங்களில் அதற்கும் மேல் பார்த்துக்கொள்கிறார். ஊடை நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். விலை குறைந்த பழைய தறிகளில் பாவு இழை அறுந்தால் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கண் தறிக்குத் தறி தாவிக்கொண்டிருக்க வேண்டும். ஏதோ ஒரு தறியின் சத்தம் கொஞ்சம் மாறியது என்பதைக் காது பிடிக்க வேண்டும். தார் தீர்ந்துவிட்டதா, பாவு முடியப்போகிறதா, விளிம்பு இழுக்கிறதா என்று உடம்பு முழுக்க விழித்திருக்க வேண்டும்.

இன்று உலகெங்கும் விற்கப்படும் ஓர் அறிவுரைக்கு இந்தக் கொட்டகை ஒரு சோதனை. நிகழ்கணத்தில் இருந்தால் நிம்மதி என்பது அந்த அறிவுரை. அதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது, ஹார்வர்டைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு. ஐபோன் செயலி மூலம் 2250 பேரை நாளின் எந்த நேரத்திலாவது கூப்பிட்டு, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா, எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். 46.9 சதவீதத் தருணங்களில் மனம் வேறெங்கோ அலைந்துகொண்டிருந்தது. அலையும் மனம் மகிழ்ச்சி குறைந்த மனமாகவும் இருந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் ஆறு தறிக்கு நடுவே பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவரின் மனம் அலைவதில்லை. அலைய அவருக்கு அனுமதி இல்லை. நாளெல்லாம் அவர் நிகழ்கணத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார். ஞானியைப் போலவா அவர் வீடு திரும்புகிறார்? காது இரைச்சலோடும் கால் வீக்கத்தோடும் திரும்புகிறார்.

அவருக்குக் கவனத்தில் குறை இல்லை. அந்தக் கவனத்தை இறக்கி வைக்கத்தான் இடம் இல்லை.

அவசரம் கண்ணை எப்படி மறைக்கிறது என்பதற்கு 1973-இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் வெளியிட்ட சோதனையைப் போலத் தெளிவான சாட்சி குறைவு. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேர். பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேச வேண்டும் என்று அவர்களை அனுப்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. போகிற சந்தில் ஒருவர் சரிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். அவரை அங்கே உட்கார வைத்தவர்களும் ஆய்வாளர்கள்தான். நேரம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம் என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். சற்று அவசரம் என்றவர்களில் 45 சதவீதம். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். எந்தத் தலைப்பில் பேசப் போனார்கள் என்பது குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் செய்யவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவரே இருமியவரைக் கடந்து ஓடியதும் நடந்தது. குணத்தால் வந்த வேறுபாடு அல்ல இது. கையில் எவ்வளவு நேரம் விடப்பட்டிருந்தது என்பதே பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது.

மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் இன்று மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் நடக்கும் பயிற்சிக்கு ஊற்று, ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வகுப்பு. நாட்பட்ட வலியோடு, மருந்துக்கு அடங்காமல் வந்தவர்களுக்காகத் தொடங்கியது. அது பயனற்றது என்று சொல்ல முடியாது. 2014-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் மாதவ் கோயல் தலைமையிலான குழு 47 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 3515 பேரையும் சேர்த்து அலசியது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வலிக்கும் ஓரளவு பலன் உண்டு என்றது. உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகளைவிட இது மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் சொன்னது.

ஆனால் அதே பயிற்சியை வேலைத்தலத்துக்குக் கொண்டுபோய், வேலையை மாற்றாமல் வேலை செய்பவரை மட்டும் மாற்றப் பார்த்தால்? ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த வில்லியம் ஃப்ளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் பிரிட்டனின் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விடைகள் இருந்தன. தியான வகுப்பு, மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி, செயலி என்று தனிமனிதரைக் குறிவைத்த திட்டங்களில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நன்றாக இருப்பதாகத் தெரியவில்லை. இதற்கு எதிர்த்திசையில் வைத்துப் பார்க்க இன்னொன்று இருக்கிறது: 2022-இல் ப்ளோஸ் ஒன் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, பத்து நிமிடத்துக்கு மிகாத சிறு இடைவேளைகளைப் பற்றிய 22 ஆய்வு மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்தது. களைப்பு குறைகிறது, தெம்பு கூடுகிறது என்று கண்டது. யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நிறுத்தினாலே போதுமாக இருந்தது.

வள்ளிமலை சுவாமிகளின் படிவிழா இந்த இரண்டாவது வகை. தமிழ்நாட்டுக் கைவினைஞர்கள் பலரிடம் அமாவாசையன்று கருவியைத் தொடாத வழக்கம் இருந்ததும் இந்த வகைதான். பருத்திப் பாவைத் தெரு நெடுக நீட்டி, கஞ்சி போட்டு, இழை பிரித்து உலர்த்தும் விடியற்காலை வேலை கைத்தறிக் காலத்தில் ஒரு குடும்பத்தால் ஆகக்கூடியது அல்ல. அக்கம்பக்கம் வந்து இருபுறமும் நிற்க வேண்டும். அந்தப் பாவு கிடக்கும் வரை தெருவில் போவோர் ஒதுங்கித்தான் போவார்கள். நிதானம் அந்தந்த ஊரின் ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. இங்கிலாந்திலும் அப்படித்தான் இருந்ததென்று வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சன் 1967-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை காட்டுகிறது: ஆலை வருவதற்கு முன் நெசவாளர்களும் தச்சர்களும் சில நாள் மூச்சுவிடாமல் உழைத்து, சில நாள் சோம்பிக் கிடந்தார்கள், திங்கட்கிழமையைப் புனிதத் திங்கள் என்று பெயரிட்டுக் கொண்டாடவும் செய்தார்கள். ஆலைச் சங்கும் கடிகாரமும் சேர்ந்துதான் அந்தத் திங்களை ஒழித்தன.

பழையதெல்லாம் பொன் என்பதல்ல வாதம். கைத்தறியிலும் கடன் இருந்தது, கூலிக்குக் காத்திருப்பு இருந்தது, குழிக்குள் மழைத்தண்ணீர் ஊறி வாரக்கணக்கில் தறி கிடந்ததும் உண்டு. நின்றுபோவதெல்லாம் நிதானம் ஆகாது என்பதை இந்த வட்டாரமே அனுபவத்தில் கண்டது. 2012-இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்கப் பல மணி நேரம் மின்சாரம் நின்றபோது விசைத்தறிகளும் நின்றன. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கில் மறுபடி நின்றன. கொட்டகை அமைதியாக இருந்தது. பறவைச் சத்தம்கூடக் கேட்டிருக்கும். கூலி இல்லாத வீட்டில் அதை ரசிக்க யாருக்கு மனம் வரும்? நிகழ்கணத்தை ரசிக்க ஒரு குறைந்தபட்ச நிபந்தனை உண்டு: அடுத்த வேளையைப் பற்றிய பயம் இல்லாமல் இருக்க வேண்டும்.

திருத்தணியின் இன்னொரு வழக்கத்தையும் இங்கே நினைக்கலாம். ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தால் முருகன் தலங்களில் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் நடக்காது. போர் முடித்து, கோபம் ஆறி முருகன் அமர்ந்த மலை இது என்பது தலபுராணம். அதனால் அன்று இங்கே மலர்களைக் கொட்டி அர்ச்சனை செய்கிறார்கள். ஆறு படைவீடுகளில் இளைப்பாறுதலுக்கென்றே ஒன்றை நம் முன்னோர் ஒதுக்கி வைத்தது சாதாரண விஷயமாகத் தோன்றவில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை இந்த மலையில் பிறந்தது என்பதும் சங்கீத உலகின் நம்பிக்கை: முதியவர் ஒருவர் வந்து வாயில் கற்கண்டு போட்டாராம், மாயாமாளவகௌளையில் பாட்டு எழுந்ததாம். கதை எப்படியானாலும், தீட்சிதரின் விளம்ப காலக் கீர்த்தனைகளைக் கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போக அவர் எடுத்துக்கொள்ளும் அவகாசத்தைக் குறைத்தால் பாட்டே கெட்டுவிடும். அந்த அவகாசம் பாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. பாடகரின் மனநிலையை நம்பி விடப்படவில்லை.

அப்படியானால் இன்றைய நாளின் அமைப்பில் அவகாசத்தை யார் வைப்பது? சட்டம் ஓரளவு முயன்றது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 55-ஆம் பிரிவில் சொன்னது. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் பொதுவாக 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் வாசலுக்குள் வந்தது. வீட்டை ஒட்டி நான்கு தறி ஓட்டும் கொட்டகையில் கணவன், மனைவி, கூலிக்கு ஓர் ஆள் என்று மூன்று பேர். அங்கே ஓய்வு நேரத்தை எழுதி ஒட்டும் பலகை ஏது? விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழ்நாடு அரசு 2023-இல் 1000 யூனிட்டாக உயர்த்தியது. தறி ஓட அது பெரிய உதவி. தறியை நிறுத்தி ஒருவர் உட்கார அதில் ஒன்றும் இல்லை.

உட்காருவதைச் சட்டம் ஆக்க முடியும் என்பதற்கு இதே மாநிலத்தில் சான்று உண்டு. நெசவு ஊர்களின் துணி கடைசியில் போய்ச் சேரும் ஜவுளிக்கடைகளில், காலையில் நின்ற விற்பனைப் பெண்கள் இரவு வரை நின்றார்கள். கூட்டம் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது பல கடைகளில் எழுதாத விதி. கேரளம் 2018-இல் இதற்குச் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வழி இருக்க வேண்டும் என்று ஆக்கியது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலுக்காகச் சட்டமன்றம் கூடிப் பேசியது சிறிய காரியம் அல்ல. எந்தத் தியான வகுப்பும் தராத ஒன்றை அந்த ஸ்டூல் தருகிறது.

அம்மையார்குப்பத்துக் கொட்டகைக்கு இதை எப்படிக் கொண்டுவருவது என்பது கணக்கில் தொடங்கும் வேலை. நெசவுக் கூலி துணியின் அளவைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது; தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். டீக்கு நிற்கும் பத்து நிமிடத்தை நெசவாளர் தன் பையிலிருந்து எடுத்துத்தான் செலவழிக்கிறார். கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை நடக்கும்போதெல்லாம் நூல் விலை, மின்கட்டணம், உதிரி பாகச் செலவு என்று கணக்கு மேசைக்கு வருகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாத் தறியையும் பத்து நிமிடம் நிறுத்தினால் குறையும் துணி எவ்வளவு, அந்தக் குறைவைத் தறிக்காரர், மொத்த வியாபாரி, சேலை வாங்குகிறவர் ஆகிய மூவரில் யார் யார் எவ்வளவு ஏற்பது என்ற வரியையும் அந்தக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். அதோடு ஆண்டுக்கு ஒருமுறை கேட்புத்திறன் பரிசோதனையும், கொட்டகைக்கு ஓர் இருக்கையும். இவை எதற்கும் புதிய இயந்திரம் வேண்டியதில்லை. பேச்சுவார்த்தைக்கு உட்காருகிறவர்கள் எழுதிப் பார்க்க வேண்டும்.